ஒன்றாம் சேனலில் ஒரு முகூர்த்தம்

தயாளா,

நீயும் வனஜாவும் மஸ்கட்டுக்குப் போய் நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. இதுவரை இரண்டு முறை போன் பேசினாய். இரண்டு முறையும் சாப்பிட்டாயா என்று கேட்டாய், சாப்பிட்டேன் என்றேன். அங்கே வெயில் எப்படி என்று கேட்டேன். நம் ஊர் வெயில் மாதிரி இல்லை என்றாய். அதற்குமேல் நம் இருவருக்கும் பேச வரவில்லை. யார் முதலில் வைப்பது என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு நான்தான் வைத்தேன். வைத்த பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் மூன்று வருஷமாக இருக்கிறது. நேரில் சொல்ல முடியவில்லை, போனிலும் முடியவில்லை. இன்று செவ்வாய்க்கிழமை, கடைக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிநாட்டில் குடித்தனம் வைக்கப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும் என்பார்கள். என்னிடம் இருக்கிற நல்ல வார்த்தைகள் எல்லாம் நான் செய்த தப்புகளிலிருந்து வந்தவை. அதனால் தப்புகளையே சொல்லிவிடுகிறேன், வார்த்தைகளை நீயே எடுத்துக்கொள்.

முதலில் அந்த வாலாஜாபாத் கல்யாணம். அப்போது உன் அம்மா இருந்தாள், நாம் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கப் போய்க்கொண்டிருந்தோம். பட்டுப் புடவையை நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்து எடுத்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் கேமரா பிடித்த எல்லோருக்கும் தெரியும். ஜரிகை வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். பார்டர் வெள்ளைப் பட்டையாக விழும். சொல்லிவைத்து நெய்த புடவையாயிற்றே, இதிலிருந்த அன்னமெல்லாம் எங்கே போயிற்று என்று பெண்ணைப் பெற்றவள் ஆல்பத்தை என் மேசைமேல் போட்டுக் கேட்பாள். அதற்காகத்தான் இரண்டாவது ஃபிளாஷை ஸ்டாண்டில் மாட்டிப் பக்கவாட்டில் நிறுத்தி, கேமராவிலிருந்து அதற்கு நீளமாக ஒரு வயர் இழுத்திருந்தேன். அன்று பெண்ணின் அத்தை சீர்த்தட்டோடு வேகமாக வந்தவள் அந்த வயரில் கால் தட்டி விழுந்தாள். மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. நீதான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாய். திரும்பி வந்தபோது உன் சட்டையெல்லாம் குங்குமம்.

"வயரே இல்லாம அடிக்கலாம்பா. இப்ப வர்ற டிஜிட்டல் கேமராவுல அது இருக்குது" என்றாய்.

இத்தனை வருஷமாக யாரும் விழவில்லை, ஒருத்தி விழுந்ததற்காகத் தொழிலை மாற்ற முடியுமா என்று நான் சிரித்தேன். மறுநாள் வயரைத் தரையோடு ஒட்டுவதற்கு அகலமான டேப் ஒன்று வாங்கிக்கொண்டு, விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாளைப் போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நீ பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். என் வயரில்தான் அவள் விழுந்தாள். நான் போயிருக்க வேண்டும். தப்பு நடந்த இடத்துக்குத் திரும்பிப் போகாமல் இருப்பதில் எனக்கு அப்போதே பழக்கம் இருந்திருக்கிறது.

அம்மா போன பிறகு நமக்குள் பேச்சு குறைந்தது. நீ சேர்த்து வைத்துக் கேமரா வாங்கி வந்த நாளில், ஃபிளாஷை அலமாரிமேல் உட்காரவைத்துவிட்டு அறையின் இந்த மூலையிலிருந்து வனஜாவைப் படம் எடுத்தாய். உங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு மாசம்கூட ஆகவில்லை. இங்கே நீ அழுத்த, அங்கே வெளிச்சம் அடித்தது. நடுவில் ஒரு வயரும் இல்லை. ஒவ்வொரு தடவை எரியும்போதும் வனஜா சிரித்தாள். கேமராவின் தலையில் இருக்கிற சின்ன ஃபிளாஷ் முதலில் ஒரு சிமிட்டு சிமிட்டும், தூரத்தில் இருப்பது அதைப் பார்த்துத் தானும் எரியும் என்று அவளுக்கு விளக்கினாய். அவளுக்குச் சொன்னாயோ, எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னாயோ. நான் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்து பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. என் கடையில், நான் கற்றுக்கொடுக்காத ஒன்றை நீ செய்கிறாய் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

இனி திருப்புட்குழி. தறி வைத்திருந்த ஏகாம்பரத்தின் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். அன்று எனக்கு வேறு ஒரு வேலை இருந்ததால் நீ தனியாகப் போனாய். பட்டாளத்திலிருந்த அவருடைய பையன் இரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தான். வீட்டில் எல்லோரும் ஒன்றாக நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் நீ கேமராவைக் கடை மேசைமேல் வைத்துவிட்டு, வனஜாவைப் பேருந்து நிலையத்தில் விட்டுவரப் போனாய். போகும்போது என்னைப் பார்த்து, படங்கள் நன்றாக வந்திருக்கின்றன என்று மட்டும் சொன்னாய். நான் தலையைக்கூட அசைக்கவில்லை.

நீ தெருமுனை திரும்பியதும் கேமராவை எடுத்தேன். அன்றுதான் அதை முதன்முதலாகக் கையில் எடுத்தது. பின்பக்கத் திரையில் ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். தயாளா, அவை நல்ல படங்கள். இருபது வருஷமாக வயரை இழுத்துக்கொண்டு நான் பிடிக்கப் பார்த்ததை நீ ஒரே நாளில் பிடித்திருந்தாய். பெண்ணின் புடவை பார்டரில் ஜரிகை இழை இழையாகத் தனியாகத் தெரிந்தது; முகத்தில் ஒரு இடம்கூட வெளுக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து நின்ற படத்தில் அந்தப் பட்டாளத்துப் பையன் தங்கையின் தலைமேல் கை வைத்துக்கொண்டு சிரித்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மனுஷனுக்கு வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஃபிளாஷ் இரண்டையும் நீ எவ்வளவில் வைத்திருந்தாய் என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஏதோ ஒரு பட்டனை அழுத்தினேன், இங்கிலீஷில் ஒரு பட்டியல் வந்தது. கீழே கீழே போய்ப் பார்த்தேன். ஒரு கேள்வி வந்தது. புரிந்த மாதிரி நினைத்துக்கொண்டு, ஆம் என்பதை அழுத்தினேன். திரை ஒரு கணம் அணைந்து திரும்ப வந்தது. அதில் படமே இல்லை.

நான் அதை அணைத்து, நீ வைத்த இடத்திலேயே, வார் எந்தப் பக்கம் தொங்கியதோ அந்தப் பக்கமே தொங்கும்படி வைத்தேன்.  நீ வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். நீ வந்தாய், கேமராவைத் திறந்தாய், உன் முகம் வெளிறியது. கார்டு போய்விட்டது போலிருக்கிறது என்று நீயே சொன்னாய். எனக்கு வேண்டிய பொய்யை நீயே என் கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று. நான் வாயை மூடிக்கொண்டேன். கார்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நீ அதிலேயே திரும்பத் திரும்பப் படம் எடுத்தாய், சுவரை, நாற்காலியை, ரோட்டை, அது நிரம்புகிறவரைக்கும். கார்டை அப்படியே விட்டிருந்தால் கம்ப்யூட்டரில் போட்டு அழிந்த படங்களை மீட்டிருக்கலாம் என்று வெகுநாள் கழித்து ஒருவர் சொன்னார். நான் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ அதில் மறுபடி எடுத்திருக்க மாட்டாய். அதை அழித்தது என் விரல். மீளாமல் செய்தது என் மௌனம்.

ஏகாம்பரமும் அவர் மனைவியும் கடைக்கு வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. அந்த அம்மாள் உன்னை வாய்க்கு வந்தபடி பேசினார். நீ கைகூப்பி நின்றாய். நான் நடுவில் வந்து என்ன சொன்னேன்? பிலிமாக இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது, நான் அப்போதே சொன்னேன், கேட்டானா என்றேன். அவர்கள் போன பிறகு நீ கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எனக்காக ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்பா" என்றாய்.

நான் எழுந்து இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே எனக்கு ஒரு வேலையும் இல்லை. அடுத்த மாசம் நீ சின்ன காஞ்சிபுரத்தில் தனியாகக் கடை போட்டு, குடித்தனத்தையும் அங்கேயே மாற்றிக்கொண்டாய். மூன்று வருஷம் நாம் பேசிக்கொள்ளவில்லை. உனக்கு என்மேல் இருந்த கோபம் நியாயமானது, ஆனால் பாதிதான் உனக்குத் தெரியும். நான் உனக்காகப் பேசவில்லை என்று கோபப்பட்டாய். அந்தப் படங்களை அழித்தவனே நான்தான் என்பது உனக்குத் தெரியாது. இப்போது தெரியட்டும்.

இந்த ஊர் எவ்வளவு பெரிதென்று நினைக்கிறாய்? உன் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தைக் கடக்க மூன்று வருஷமாக என்னால் முடியவில்லை. வனஜா மாசத்தில் ஒருநாள் அமாவாசைக்கு வந்து அம்மா படத்துக்கு விளக்கேற்றி, சமைத்து வைத்துவிட்டுப் போவாள். நீ எப்படி இருக்கிறாய் என்று அவளிடம் நேராகக் கேட்க மாட்டேன். தொழில் எப்படிப் போகிறது என்று கேட்பேன். நன்றாகத்தான் போகிறது மாமா என்பாள். ஒரு வைகாசியில் கருட சேவைக்குப் போயிருந்தேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கம், கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நீ நின்றுகொண்டிருந்தாய். கொஞ்சம் இளைத்திருந்தாய். உன்னையே பார்த்துக்கொண்டிருந்ததில் பெருமாள் எப்போது கடந்து போனார் என்றே தெரியவில்லை.

ஒரு வருஷம் கழித்து நானும் டிஜிட்டல் கேமரா வாங்கினேன். யாரும் பிலிமில் எடுக்கச் சொல்வதில்லை என்பது ஒரு காரணம், அது முழுக் காரணம் இல்லை. சென்னையில் கடைக்காரர் நாலைந்து விதம் எடுத்துவைத்தார். நான் உன் கேமராவின் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். இதுதான் வேண்டும், ஃபிளாஷும் இதற்கென்றே வருவதுதான் வேண்டும் என்றேன். வீட்டில் யாராவது இதை வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். என் மகன் வைத்திருக்கிறான் என்றேன். அப்படியானால் அவரே எல்லாம் சொல்லித் தந்துவிடுவார் என்று, எதையும் விளக்காமல் பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

விடுமுறை நாட்களில் கடையைச் சாத்திக்கொண்டு பழகினேன். படம் எடுக்க ஆள் இல்லை. அம்மாவின் கூறைப்புடவையை ஒரு நாற்காலிமேல் மடிப்பு மடிப்பாகப் போட்டு, ஃபிளாஷை ஸ்டூலில் வைத்து, தள்ளி நின்று அழுத்தினேன். எரியவில்லை. கூட வந்த புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். சேனல் என்று ஒன்று, நாலு இருந்தது, ஒன்றிலேயே விட்டேன். குரூப் என்று ஒன்று. எல்லாம் சரியாக வைத்தும் எரியவில்லை. இரண்டு செவ்வாய்க்கிழமை இப்படியே போயிற்று. மூன்றாவது வாரம்தான் கண்டுபிடித்தேன். ஃபிளாஷின் உடம்பில் சின்னதாக ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கிறது, அதுதான் அதன் கண். அது கேமராவைப் பார்க்க வேண்டும். தலையை மட்டும் புடவைப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். நான் உடம்பையும் சேர்த்துப் புடவைப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன், கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீ இருந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. திருப்பி வைத்து அழுத்தினேன், எரிந்தது. பக்கத்திலிருந்து தாழ்வாக விழுந்த வெளிச்சத்தில் ஜரிகை மட்டுமல்ல, முந்தானைக்குக் கீழே கிழிந்த ஓர் இடத்தை அம்மா கையாலேயே தைத்திருந்த தையல்கூடத் திரையில் தெரிந்தது. அவள் கட்டிப் பார்த்த காலமெல்லாம் அது என் கண்ணில் பட்டதே இல்லை. தயாளா, எரிஞ்சிடுச்சு பாரு என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, மூடின கடைக்குள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

பிறகு அந்தக் கல்யாணம். பெண் வீட்டுக்காரர்கள் பிள்ளையார்பாளையம், என்னை ஏற்பாடு செய்திருந்தார்கள். வாலாஜாபாத்காரர்களான மாப்பிள்ளை வீட்டார் உன்னை அழைத்து வந்திருந்தார்கள் என்பது மண்டபத்துக்குள் நுழைந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நீ மணமேடைக்கு வலப்பக்கம், கொஞ்சம் பின்னால், உன் ஸ்டாண்டை நிறுத்திக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் கை நின்றது, பிறகு திருகை இறுக்கினாய். நான் இடப்பக்கம், தூணுக்கு முன்னால் என்னுடையதை நிறுத்தினேன். நாதஸ்வரம் ஆரம்பித்தது. மாப்பிள்ளையை உட்காரவைத்தார்கள். நான் இன்னும் பட்டனைத் தொடவில்லை, என் ஃபிளாஷ் எரிந்தது.

பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி எரிந்தது. அப்போது பார்த்தேன், நீ அழுத்துகிற ஒவ்வொரு முறையும் என்னுடையது எரிகிறது. ஒரே மாதிரி கேமரா, ஒரே மாதிரி ஃபிளாஷ், இரண்டும் ஒன்றாம் சேனல். உன் கேமரா சிமிட்டுவதை என் ஃபிளாஷ் தன் எஜமானன் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு எரிந்திருக்கிறது. நான் பெண்ணை ஒரு படம் எடுத்துத் திரையில் பார்த்தேன். என் வெளிச்சம் இடமிருந்து முகத்தில் விழுந்திருந்தது. அதோடு, நான் வைக்காத ஒரு வெளிச்சம் அவளுக்குப் பின்னாலிருந்து வந்து, தலையில் வைத்திருந்த மல்லிகையையும் தோளையும் மெல்லிய கோடாக வரைந்திருந்தது. அது உன்னுடையது. நீயும் உன் திரையைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து என் ஸ்டாண்டைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். நான் வேறு எங்கோ பார்த்தேன். சேனல் சக்கரத்தைத் திருப்பினால் தீர்ந்துவிடும் விஷயம் அது, எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நான் திருப்பவில்லை. நீயும் திருப்பவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல், உன் படத்தில் நானும் என் படத்தில் நீயும் வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தோம். மூன்று வருஷத்தில் எனக்கு நல்ல நேரம் என்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். நீ ஏன் திருப்பாமல் விட்டாய் என்று எனக்குத் தெரியாது. நான் நினைக்கிற காரணமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இருவருக்குமாக எரிந்ததில் செல்கள் சீக்கிரம் தீர்ந்தன. பெண் கூறைப்புடவை கட்டிக்கொண்டு வர உள்ளே போயிருந்தாள். என் ஃபிளாஷில் ரெடி விளக்கு வரவே இல்லை. மாற்று செல் பையில் இருந்தது, பை சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தது. நான் தூணுக்குப் பக்கத்தில் தவித்துக்கொண்டிருந்தபோது நீ மேடையைச் சுற்றி நடந்து வந்தாய். என் ஃபிளாஷின் மூடியைத் திறந்து, சூடாக இருந்த நாலு செல்லையும் எடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து உன்னுடைய நாலு செல்லைப் போட்டாய். சேனலை மூன்றுக்குத் திருப்பினாய்.

"கேமராவுலயும் மூணு வெச்சுக்கப்பா. இல்லனா தாலி கட்டும்போது ரெண்டு பேருக்கும் எரியாது."

மூன்று வருஷத்துக்குப் பிறகு நீ என்னிடம் பேசியது அதுதான். அதில் அப்பா என்கிற வார்த்தையும் இருந்தது. நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று அதற்கப்புறம் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். சரிப்பா என்றிருக்கலாம். எப்படிடா வைப்பது என்று கேட்டிருக்கலாம், நீ என் கேமராவைக் கையில் வாங்கியிருப்பாய். நான் சொன்னது, "எனக்குத் தெரியும்."

 சரி என்று சொல்லிவிட்டு உன் பக்கத்துக்குப் போனாய். நாளைக்கு உனக்குக் கீழேயும் ஆட்கள் வருவார்கள், பிள்ளைகளும் பிறக்கும். அவர்கள் உதவக் கையை நீட்டிக்கொண்டு வரும்போது தெரிந்திருந்தாலும் தெரியாது என்று சொல்லிப் பார். ஒன்றும் குறைந்துவிடாது. கெட்டிமேளம் கொட்டியது, தாலி கட்டினார்கள், என் ஃபிளாஷ் எனக்கு மட்டும் எரிந்தது. படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெண்ணுக்குப் பின்னால் மட்டும் இருட்டாக இருந்தது.

பந்தியில் பக்கத்து இலையை உனக்காகக் கையை வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே திருப்புட்குழி விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பரிமாறுகிறவர் இரண்டு முறை கேட்டார், ஆள் வருகிறாரா என்று. வருகிறான் என்றேன். நீ வாலாஜாபாத் வேனில் சாப்பிடாமலே போய்விட்டாய் என்று கை கழுவுகிற இடத்தில்தான் சொன்னார்கள். மறுவாரம் உன் கடைக்கே கிளம்பி வந்தேன், தயாளா. இது உனக்குத் தெரியாது. ஷட்டர் இறங்கியிருந்தது. நீ கடையைக் காலி செய்துகொண்டிருப்பதாகவும் மஸ்கட்டில் வேலை கிடைத்திருப்பதாகவும் பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார். நான் யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வனஜா உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் காலில் விழுந்தீர்கள், விபூதி வைத்தேன். அங்கே பிளக்குக்கு மூன்று முனை இருக்கும், சார்ஜருக்கு ஏதாவது வாங்கிப் போ என்றேன். வனஜா ஒரு தாளில் விலாசம் எழுதிக் கொடுத்தாள். கல்யாணத்துக்குத் தனியாகப் போகாதே, யாரையாவது கூட வைத்துக்கொள் என்று நீ சொன்னாய். வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். அது ஒரு சாக்காகப் போயிற்று எனக்கு. ஆட்டோ போன பிறகு வாசலில் நின்று, சொல்லியிருக்க வேண்டியதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். நாலு வரிதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

போன வாரம் பஸ் ஏறித் திருப்புட்குழிக்குப் போனேன். உன்னை யார் முன்னால் தலைகுனிய வைத்தேனோ அவர்களிடம் முதலில் சொல்லிவிட்டால் உனக்கு எழுதத் தைரியம் வரும் என்று நினைத்தேன். ஏகாம்பரம் தறியிலிருந்து எழுந்து வந்தார். அடையாளம் தெரிந்தது அவருக்கு. அந்தப் பெண்ணுக்கு இப்போது ஒரு குழந்தை, மாமியார் வீட்டில் இருக்கிறாள். பட்டாளத்துப் பையன் நன்றாக இருக்கிறான், எங்கோ வடக்கே. அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். நான் அதைக் குடிக்காமலே, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேமராவை எடுத்தது, பார்த்தது, அழித்தது, அவர்கள் முன்னால் உன்மேல் பழியைப் போட்டது. 

"புள்ளைக்குத் தெரியுமா சார்?" என்றார் ஏகாம்பரம்.

இன்னும் தெரியாது என்றேன்.

"எங்களுக்குப் படந்தான் போச்சு. அவங்கிட்ட இல்ல மொதல்ல சொல்லியிருக்கணும்? இங்க எதுக்கு வந்துக்கினு நிக்கிற?"

அதுவரை மரியாதையாகப் பேசியவர், கடைசியில் நிக்கிற என்று சொன்னார். எனக்கு அது உறுத்தவில்லை. கிளம்பும்போது அவர் மனைவி வாசல்வரை வந்தார். "அன்னிக்கு அந்தப் புள்ளைய நான் ரொம்பப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்க வேணாம்னு நான் சொன்னதா சேத்து எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். அவருடைய வார்த்தையை அவர் சொன்னபடியே உன்னிடம் சேர்த்துவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அது உன் இஷ்டம். பதில் எழுதாவிட்டாலும் தப்பில்லை. போன் பண்ணினால் சாப்பிட்டாயா என்று கேள், நான் பதில் சொல்கிறேன். உன்னிடம் கேட்பது ஒன்றுதான். படித்து முடித்ததும் இதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடாதே, வனஜாவிடம் கொடு. அந்தத் திருப்புட்குழிக்காரர்கள் வந்துபோன அன்று சாயங்காலம் அவள் உன் பக்கத்தில் உட்கார்ந்து, பரவாயில்லை, யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். அன்று உன்னை மன்னித்துவிட்டதாகத்தான் அவள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். உன்னிடம் மன்னிக்க ஒன்றுமே இருக்கவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

அப்பா